ஜாக்கெட்டைத் தாண்டி ஒரு திரைச்சீலை
டெல்லியில் ஆரி வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

சாணக்யபுரி, புது டெல்லி

அன்புள்ள தோழியருக்கு,

ஆர்.கே.புரத்திலும் முனிர்காவிலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் வீட்டுக் கூடத்தில் ஆரி ஸ்டாண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முகூர்த்த மாதங்களில் உங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஆடியும் மார்கழியும் வந்தால் ஒரு போன்கூட வராது. செயின் ஸ்டிச்சும் லோடு ஸ்டிச்சும் சர்தோசியும் கைக்கு வந்த பிறகும், மணப்பெண் ஜாக்கெட்டின் முதுகும் கையும் மட்டும்தான் நம் களம் என்று எப்படியோ முடிவாகிவிட்டது. யார் எடுத்த முடிவு என்று தெரியவில்லை. நாம் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது மட்டும் தெரியும்.

நான் சொல்ல வருவது ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றி. காலமான தாய் தகப்பன் நினைவாக ஒரு யூதக் குடும்பம் தன் ஜெப ஆலயத்துக்குச் செய்து கொடுக்கும் பூவேலைத் துணி அது. "நமக்கும் அதற்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நான் குடியிருக்கும் சாணக்யபுரியில் சாந்தி பாதையின் இரண்டு பக்கமும் தூதரகங்கள். உலகத்தின் எல்லா மதத்துக்காரர்களும் சில வருடங்கள் இங்கே இருந்துவிட்டுப் போகிறார்கள். இங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால், கான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஹுமாயூன் சாலையில் டெல்லியின் யூத ஜெப ஆலயம் இருக்கிறது. 1956இல் எழுந்தது. ஜூடா ஹயாம் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கும் அதற்குப் பொருள் கொடுத்து உதவியவர் டாக்டர் ரேச்சல் ஜூடா. பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். 1971 வங்கதேசப் போரில் பெயர்பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப்பை 2016இல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். டெல்லியில் நிலையாக வாழும் யூதக் குடும்பங்கள் மிகக் குறைவு. முறைப்படி கூட்டு வழிபாடு நடத்தப் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் மரபு. தூதரகத்துக்காரர்களும் பயணிகளும் வந்தால்தான் அந்தக் கணக்கு நிறைகிறது. எண்ணிக்கையில் சிறிய இப்படிப்பட்ட சமூகங்களில்தான் ஒவ்வொருவர் நினைவும் பெரிய பொறுப்பாகிறது.

அவர்கள் வழிபாட்டில் சிலைக்கு இடமில்லை. நடுநாயகம் தோரா. தோலில் கையால் எழுதிய சுருள் அது. எருசலேமை நோக்கிய சுவரில் ஒரு பேழைக்குள் அதை வைப்பார்கள். நம் கோயிலில் அலங்காரமெல்லாம் மூலவருக்கும் உற்சவருக்கும் போகிறது என்றால், அங்கே அது இந்தச் சுருளைச் சுற்றியே அமைகிறது. பேழைக்கு முன்னால் தொங்கும் திரை பரோக்கெத். அதற்கு மேலே குறுக்காக வரும் சிறு தொங்கல் கப்போரெத். சுருளுக்குப் போர்த்தும் உறை மேயில். சுருளைக் கட்டும் நீண்ட பட்டை ஒன்று உண்டு. சுருளை விரித்து வாசிக்கும் மேசைக்கு ஒரு விரிப்பு உண்டு. இவை ஒவ்வொன்றையும் ஒரு குடும்பம் தன் முன்னோர் நினைவாகச் செய்து கொடுக்கலாம். நாம் 'உபயம்' என்று எழுதி மணியும் விளக்கும் கொடுக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு இது சொந்தம்தான்.

இதன் அருமை தெரிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொச்சி போதும். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அந்தத் தெருவில் சாரா கோஹன் என்ற மூதாட்டி கைப்பூவேலைக் கடை வைத்திருந்தார். ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா, சனிக்கிழமை ஓய்வுநாள் விருந்தில் ரொட்டியை மூடும் துணி, மேசை விரிப்பு என்று தைத்து விற்றார். 2019 ஆகஸ்டில், 96ஆம் வயதில் காலமானார். கணவர் ஜேக்கப் போன பிறகு அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், இன்றுவரை அந்த வீட்டையும் கடையையும் அவர் நினைவாகக் காத்துவருவதும் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். கொச்சியிலேயே பிறந்த தௌஃபீக் ஜகரியா என்ற இன்னொரு முஸ்லிம் எபிரேய எழுத்தோவியத்தில் பெயர்பெற்றவர். ஆகவே, "நாம் அந்த மதம் இல்லையே, நம் கை படலாமா?" என்ற தயக்கத்துக்குக் கொச்சி எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஆசையோடு கற்றுக்கொண்டு, கேட்டுக் கேட்டுச் செய்பவரின் கை படலாம்.

கொச்சியிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு போன பொருள்களில் சில இன்று எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெண்கள் விசேஷங்களுக்கு உடுத்திய முண்டிலிருந்து தைத்த பேழைத் திரைகள் உண்டு. ஒருத்தி உடலைச் சுற்றியிருந்த துணி வேதச் சுருளுக்கு முன்னால் திரையாகத் தொங்கியது. இது கொச்சியில் மட்டும் நடந்ததல்ல. துருக்கி நாட்டு யூதர்கள் பொன்னிழை போட்ட கல்யாண உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் ஜெப ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும்போது சுற்றிய துணியைக் கீற்றுகளாக வெட்டி நீளமாக இணைத்து, அதில் குழந்தையின் பெயரைப் பூவேலையாகப் போட்டு, சுருள் கட்டும் பட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதன் பெயர் விம்பெல். பழைய துணியில் புனிதம் குறையும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பழகிய துணிதான் உயர்ந்தது என்று வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு வேர் இருக்கிறது. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாக இழை எண்ணிப் போடும் புத்துக்குளிப் போர்வைப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இறந்தவரின் உடலை அந்தப் போர்வையால் சுற்றுவது அவர்கள் மரபு. தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொம்பையும் தோரணமும் ஒட்டுத்துணி வேலையில் தைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் வேலையில் தமிழ்ப் பெண்களின் கைகள்தான் தேர்ந்தன. வழிபாட்டுக்கும் மரணத்துக்கும் துணி தைப்பது நமக்குப் புதிதே இல்லை. அதை நாம் மறந்து, ஜாக்கெட்டில் வந்து நின்றிருக்கிறோம்.

இனி வேலைக்கு வருகிறேன். சாணக்யபுரியில் ஒரு தூதரகக் குடும்பம் உங்களைத் தேடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் நினைவாக ஒரு பேழைத் திரை வேண்டும். உடனே போனை எடுத்து டிசைன் காட்டாதீர்கள். கேள்விகள்தான் முதலில்.

எந்த ஜெப ஆலயத்துக்கு, அங்கே சுருளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐரோப்பிய மரபில் வந்தவர்கள் சுருளுக்குத் துணி உறை போர்த்துவார்கள். கொச்சியிலும் பாக்தாத் மரபிலும் சுருள் மரத்திலோ வெள்ளியிலோ செய்த உருளைப் பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும். அங்கே துணி உறைக்கு வேலையே இல்லை. இதைக் கேட்காமல் அழகாக ஓர் உறை தைத்துக் கொடுத்தால் அது பீரோவில்தான் தூங்கும். அடுத்து, இருக்கும் திரைகள் என்ன நிறம் என்று கேளுங்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் அவர்கள் புத்தாண்டுக்கும் பாவநிவாரண நாளுக்கும் பல இடங்களில் வெள்ளைத் திரை போடுவார்கள். குடும்பம் கேட்பது வருடம் முழுக்கத் தொங்கும் திரையா, அந்தச் சில நாட்களுக்கான வெள்ளைத் திரையா என்பதைப் பொறுத்துத் துணி, நூல், செலவு எல்லாமே மாறும். பொறுப்பில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் ஒரு தையல்கூடப் போடக் கூடாது. குடும்பம் ஆசைப்படுவதை எல்லாம் ஆலயம் ஏற்றுக்கொள்ளாது.

அளவை வாட்ஸப்பில் வாங்காதீர்கள். நேரில் போய்ப் பேழையை அளந்து பாருங்கள். திரை கம்பியில் ஓடுகிறதா, வளையத்திலா, எந்தப் பக்கமாகத் திறக்கிறது, இரண்டு பாதியா ஒரே துணியா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதி என்றால், நடுவில் வரும் கிரீடம் சரிபாதியாகப் பிளக்கும். ஒவ்வொரு முறை மூடும்போதும் அது மறுபடி சேர வேண்டும்.

உருவங்களில் கவனம் தேவை. மனித முகம் வேண்டாம். நமக்கு எளிதாக வரும் ராதா கிருஷ்ணரையும் பல்லக்கு மணப்பெண்ணையும் மறந்துவிடுங்கள். அவர்கள் மரபில் உள்ளவை கிரீடம், பத்துக் கட்டளைகளின் இரட்டைப் பலகை, யூதா கோத்திரத்தின் சிங்கம், சாலமோன் ஆலயத்தின் இரண்டு தூண்கள், ஏழு கிளை விளக்கு, மாதுளை, திராட்சைக் கொடி. முக்கியமான ஒன்று: நம் பார்டர் டிசைன் புத்தகங்களில் மங்கலமாக வரும் ஸ்வஸ்திகா மூலையில்கூட வரக் கூடாது. நமக்கு அது பிள்ளையார் வீட்டு வாசல். அவர்களுக்கு அது 60 லட்சம் யூதர்களைக் கொன்ற நாஜிகளின் கொடி. கட்டம் கட்டமாக வரும் கோலத்தில் நம்மை அறியாமலே அந்த வடிவம் உருவாகிவிடும். டிரேஸ் போடும் முன் தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

துணியில் ஒரு விதி. ஆட்டுக் கம்பளியையும் லினனையும் சேர்த்து உடுத்தக் கூடாது என்பது அவர்கள் வேதச் சட்டம். உடுப்புக்கான விதிதான் என்றாலும், நம் வேலையில் அந்தக் கலப்பே இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வெல்வெட்டுக்கு உள்ளே கொடுக்கும் விறைப்புத் துணியில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பட்டும் பருத்தியும் போதும், பிரச்சினை இல்லை.

இப்போது எழுத்து. இந்த வேலையின் உயிரும் ஆபத்தும் இங்கேதான். எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். சில எழுத்துகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரு மூலைதான். தாலெத் என்ற எழுத்தின் மேல் மூலை கூராக இருக்கும். ரேஷ் என்ற எழுத்தில் அது வளைந்திருக்கும். கூர் மழுங்கினால் 'ஒருவர்' என்று படிக்க வேண்டிய சொல் 'வேறொருவர்' என்று ஆகிவிடும். கடவுள் ஒருவரே என்று சொல்லும் அவர்களின் அடிப்படை ஜெபத்தில் இந்தத் தவறு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். லோடு ஸ்டிச்சில் மூலைகள் தானாகவே உருண்டு போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே எழுத்தின் வெளிக்கோட்டை முதலில் மெல்லிய இழையில் கட்டிவிட்டு உள்ளே நிரப்புங்கள்.

இன்னொன்று பட்டர் பேப்பர். ஊசியால் துளை போட்டு, பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்க்கிறோம். தாள் புரண்டு கிடந்தால் தமிழ் எழுத்து என்றால் உடனே தெரிந்துவிடும். எபிரேயம் தெரியாது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறியே முழுத் திரையையும் முடித்துவிடுவோம். தாளின் மேல் பக்கத்தில் பெரிதாக ஒரு தமிழ் எழுத்தைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பட்டில் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கறையும் வாசனையும் நிற்கும். நூல் ஓட்டியே வரைகோடு போடலாம். எழுதும் வாசகத்தைக் குடும்பமும் ஆலயத்தில் எபிரேயம் அறிந்த ஒருவரும் முழு அளவுத் தாளில் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின்தான் ஊசியை எடுக்க வேண்டும். இணையத்தில் மொழிபெயர்த்துக்கொண்ட எழுத்தை ஒருபோதும் தைக்காதீர்கள்.

நினைவு வாசகம் பெரும்பாலும் சுருக்கமானது: இன்னாரின் ஆன்மாவின் நினைவாக, இன்னாரின் மகள், இந்த நாள், இந்த ஆண்டு. நாளில்தான் சிக்கல். நாம் திவசத்தைத் தேதி பார்த்துச் செய்யாமல் திதி பார்த்துச் செய்கிறோம் அல்லவா? அவர்களும் நினைவு நாளைத் தங்கள் பஞ்சாங்கப்படிதான் வைக்கிறார்கள். அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறைந்ததும். சூரியன் மறைந்த பிறகு இறந்தவருக்கும் அன்றே மாலை மூன்று மணிக்கு இறந்தவருக்கும் எபிரேயத் தேதி வேறு. ஆண்டையும் எழுத்துகளாலேயே குறிப்பார்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய ஆண்டு அவர்களுக்கு 5786. ஆயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுவது வழக்கம். இறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கிலத் தேதியை நீங்களாகவே மாற்றிக் கணக்கிடாதீர்கள். குடும்பம் எழுதிக் கொடுக்கட்டும். கடவுளின் நான்கெழுத்துப் பெயரை முழுதாகத் துணியில் போடச் சொன்னால், ஆலயத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் எழுதியது எதுவும் நைந்தாலும் குப்பைக்குப் போகக் கூடாது. மண்ணில் புதைக்க வேண்டும்.

இறந்தவரை எங்கே காட்டுவது? ஆலயத்தில் எல்லோருடைய கண்ணும் போக வேண்டியது தோராவின்மேல். ஆகவே அம்மாவின் பெயர் திரையின் கீழ்ப்பகுதியில், மரியாதையாக, அளவாக இருக்கட்டும். அதற்கு மேல் அவருடைய அடையாளமாக ஒன்றே ஒன்று போதும். அவர் கல்யாணப் புடவையின் ஜரிகைக் கரையை எடுத்து ஓரத்தில் தைக்கலாம். அவர் வளர்த்த செடியின் இலையை மாதுளைக் கொடியோடு சேர்க்கலாம். முப்பது நினைவுகளையும் ஒரே துணியில் திணிக்கச் சொல்லும் குடும்பங்கள் இருக்கும். அழுகையோடுதான் கேட்பார்கள். பொறுமையாகக் கேட்டு, மீதி இருபத்தொன்பதையும் அவர்கள் மனதிலேயே விட்டுவிடச் சொல்வதும் நம் வேலைதான்.

உறுதியைப் பற்றி. முகூர்த்த ஜாக்கெட் நாலு மணி நேரம் மின்னினால் போதும். திரையோ வாரா வாரம் இழுபடும். ஆரியின் செயின் ஸ்டிச் ஒரு முனை அவிழ்ந்தால் வரிசையாகக் கழன்றுவிடும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். கல்லைக் கம் போட்டு ஒட்டாதீர்கள். டெல்லி வெயிலில் அது மஞ்சளாகி உதிரும். சுருள் உறையின் உள்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும். ஒரு கட் பீட்கூடத் தோலில் உரசக் கூடாது. சாந்தினி சௌக் கினாரி பஜாரில் ஜரி வாங்கும்போது பிளாஸ்டிக் ஜரி எது, வெள்ளி ஜரி எது என்று விசாரித்து வாங்கி, குடும்பத்திடம் அதை உண்மையாகச் சொல்லுங்கள். சர்தோசியின் கனம் வெல்வெட்டைக் கீழே இழுக்கும். பின்னால் நல்ல தாங்குதுணி கொடுத்து, மேலே முழு அகலத்துக்கும் பட்டை வைத்துத் தைத்தால் தொய்யாது.

கூலியை ஜாக்கெட் கணக்கில் சொல்லாதீர்கள். எழுத்துச் சரிபார்ப்பு, அளவெடுப்பு, மாதிரித் துண்டு, எல்லாவற்றுக்கும் நேரம் போகிறது. அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பொருள் செலவு தனி, கைக்கூலி தனி. பின்னாளில் பழுது வந்தால் யார் செய்வது என்பதையும் எழுதுங்கள். பயன்படுத்திய துணி, நூல், ஜரி, தைத்த ஆண்டு ஆகியவற்றை ஒரு சிறு துணியில் எழுதி லைனிங்குக்குள் தைத்துவிடுங்கள். ஐம்பது வருடம் கழித்து அதைப் பிரிக்கும் கைக்கு அது உதவும்.

அந்தத் துணித்துண்டில் குடும்பத்தின் அனுமதியோடு உங்கள் பெயரையும் போடுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. யாத்திராகமத்தில் பாலைவன வழிபாட்டுக் கூடாரத்துக்கு நீலமும் ஊதாவும் சிவப்புமாகப் பூவேலை செய்த அகோலியாபின் பெயரை அவர்கள் வேதமே எழுதி வைத்திருக்கிறது. 1680-81 வாக்கில் வெனிஸில் ஒரு பேழைத் திரையைத் தைத்த சிம்ஹா என்ற பெண்ணின் பெயர் அந்தத் துணியிலேயே இருப்பதால்தான், நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்தில் இன்றும் அவர் பெயரைச் சொல்லித் திரையைக் காட்டுகிறார்கள். பிராகாவின் யூத அருங்காட்சியகத்தில் நாஜிகள் காலத்தில் அழிக்கப்பட்ட பொஹீமிய, மொராவியச் சமூகங்களின் ஜெப ஆலயத் துணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஊர் போனது, ஆட்கள் போனார்கள். கொடுத்தவர் பெயரும் ஆண்டும் துணியில் நிற்கின்றன. பெயரைத் தைத்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

டெல்லியில் யூதர்கள் சில குடும்பங்கள்தானே, எத்தனை திரை வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஒழுங்கை ஒரு முறை கற்றுக்கொண்டால் அது பலருக்கும் உதவும். தேவாலயப் பீட விரிப்பு, குருத்துவாராவின் ருமாலா, நம் மலை மந்திர் முருகனுக்குச் சாற்றும் துணி, எல்லாமே யாராவது ஒருவர் நினைவாக வரும் வேலைகள்தான். எல்லாவற்றுக்கும் அதே கேள்விகள்தான்: எங்கே தொங்கும், என்ன விதி, யார் சரிபார்ப்பார், எத்தனை வருடம் உழைக்கும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நீங்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒரு முழம் அளவில் ஒரு மாதிரித் துணி போடுங்கள்: ஒரு கிரீடம், ஒரு மாதுளைக் கொடி, எபிரேயம் அறிந்தவர் எழுதித் தந்த ஒரே ஒரு பெயர். முன்கூட்டியே அனுமதி கேட்டு ஹுமாயூன் சாலை ஆலயத்துக்குப் போய்க் காட்டி, குறை கேட்டு வாருங்கள். அங்கே வாங்கும் திருத்தங்களை எந்த யூடியூப் வகுப்பும் சொல்லித் தராது. நினைவுத் துணி கேட்டு வருபவரிடம், விலை சொல்வதற்கு முன்னால், போனவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். டிசைன் அங்கேதான் தொடங்குகிறது.

இப்படிக்கு,
உங்களோடு ஆரி ஊசி பிடிக்கும் ஒருத்தி